அக்காவின் வயது

பதினொரு வயதில் என்னை நீலகிரியிலிருந்து இலங்கையில் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டி வந்தார்கள். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியா போன அப்பாவுக்கு அங்கே ஒட்டவில்லை. பெரியப்பாவின் லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். எனக்கு இலங்கைக் கடதாசி எதுவும் கிடையாது. ஆனால் இந்தத் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே காய்ச்சலில் செத்துப்போன அக்காவின் பிறப்புச் சான்றிதழ் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

"இதையே குடுத்துச் சேத்துருவோம். யாரு பாக்கப் போறா?" என்றார் அப்பா. அவருக்கு எல்லாமே சுலபம்.

அக்காவின் பெயரோடும், என்னைவிட மூன்று கூடிய அவள் வயதோடும் டவுன் சிங்களப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தேன். தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

முதல் ஆறு மாதம் நான் ஊமை. நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் வலைப்பந்து அணியில் வளையத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். போட்டதெல்லாம் விழுந்தது. இங்கே கொடு என்பதற்கு "மெஹாட தீபன்!" என்று கத்தக் கற்றுக்கொண்டேன். பந்து வந்தது, பின்னாலேயே சிங்களமும் வந்தது. அணித் தலைவி தன் சோற்றுப் பொதியில் பாதியைத் தருவாள். யாராவது என்னைத் தோட்டத்துக்காரி என்றால், "அபே கெல்ல", எங்கள் பெண் என்று சண்டைக்குப் போவாள். அந்த ஒரு வருடம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான மாகாணப் போட்டிக்கு இரத்தினபுரி போனோம். விளையாடுவதற்குச் சான்றிதழ் கேட்டது அங்கேதான் முதல்முறை. என்னுடையதை அதிகாரி இரண்டு தரம் பார்த்துவிட்டு எங்களைக் கூட்டிப்போன மிஸ்ஸிடம் நீட்டினார். இது உன் வயதுதானா என்று மிஸ் கேட்டார். செத்த அக்காவுடையது என்று சொல்லுமளவுக்கு எனக்குச் சிங்களம் வந்திருந்தது. சொன்னால் அப்பாவைப் பொலிஸ் பிடிக்கும், எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பதினைந்து மிஸ், என்றேன். அணியையே நீக்கிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தலைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. சின்னப் பிள்ளையாக நடித்து எங்கள் சோற்றைத் தின்றாள் என்று மற்றவர்களிடம் சொன்னாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

லயத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "வெளையாட்டுத்தானே, போனாப் போகுது" என்று அப்பா எழுந்து போய்விட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இத்தன நாளும் அந்தப் புள்ளைங்க ஒன்ன என்னா பேரு சொல்லிக் கூப்புட்டாங்க?"

"அக்கா பேருதாம்மா."

"நல்லா சத்தமாவா?"

"ஆமா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்காக அழவில்லை என்று தெரிந்தது.