அப்பா ஏறும் இடம்

இன்று நான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கும் நாள். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலின் ஹாரன் கேட்டதும் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா இறந்தபின் அவருடைய ஆபீசிலேயே அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். சிட்லபாக்கத்தைத் தாண்டித் தனியாகப் போகாதவள், முதல் நாள் அப்பா வழக்கமாக ஏறும் இடத்திலேயே போய் நின்றாள்.

"லேடீஸ் பெட்டி அங்க கீதும்மா," என்று பூக்காரி கைகாட்டினாள்.

அக்காவோடு வழியனுப்பப் போயிருந்த நான், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். "பயமா இல்லையாம்மா?"

"ரொம்ப பயமா இருக்குடி. கூட வரேன்னு கர்த்தர் சொல்லியிருக்காரு. நான் ஏறினாத்தானே அவர் வர முடியும்?"

ஏறியவள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

இன்று நானும் ஒடுங்கித்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. கர்த்தரோடு, இப்போது அவரிடம் இருக்கும் அம்மாவும் வரவேண்டுமே.