அழக்கூடாது என்று சொன்னவர்

தவநாயகிக்கு லண்டனில் கவுன்சில் வேலை கிடைத்தது தொண்ணூற்றிரண்டில். அதற்கு முன் ஆறு வருடம் பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றவர். புது வேலைக்குப் பெயர் குடும்ப ஆதரவுப் பணியாளர். கேட்டால் பெரிய உத்தியோகம் போலிருக்கும். கவனிப்புப் போதாதென்று கவுன்சில் பிள்ளையைப் பிரித்தெடுத்த தமிழ்த் தாய்மாரை, பிள்ளையைப் பார்க்கப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார், வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழிலும் தாய்மார் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வார், அவ்வளவுதான். கூட்டங்களில் அவருக்கும் ஒரு கதிரை போடுவார்கள். ஆனால் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

பாலாம்பிகை கிங்ஸ்பரியில் ஓர் அறையில் இருந்தாள். கணவன் கொழும்பில் பிடிபட்டு ஒரு தகவலும் இல்லை. நாலு வயது மகள் நிரோஜினி உறங்கும்போது கதவைப் பூட்டிவிட்டு, விடிய இரண்டு மணித்தியாலம் ஆபிஸ் துப்புரவு வேலைக்குப் போய் வருவாள். ஒரு நாள் பிள்ளை எழும்பிக் கத்த, மேல்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். கவுன்சில்காரர் பிள்ளையை எடுத்து, சட்டன் என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வளர்க்க விட்டார்கள். பூட்டிவிட்டுப் போனது பிழைதான், யார் இல்லையென்றது? அவளுக்கு வேறு நாதி இருந்ததா என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.

கிழமைக்கு ஒரு முறை, ஒரு மணித்தியாலம், தாயும் பிள்ளையும் குடும்ப நிலையத்தில் சந்திக்கலாம். ஜேனட் என்ற சமூக சேவை அதிகாரி கொப்பியும் பேனையுமாக மூலையில் இருப்பாள். முதல் சந்திப்பில் பாலாம்பிகை, "என்ரை குஞ்சு, என்ரை ராசாத்தி" என்று பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தன் தலையிலடித்துக் குழறி அழுதாள். பிள்ளை பயந்து வீரிட்டது. தாயால் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஜேனட் எழுதினாள்.

அதைத் தவநாயகி படித்தார். அடுத்த கிழமை பஸ்ஸில் வைத்துப் பாலாம்பிகைக்குச் சொன்னார்.

"பிள்ளை, இனி அங்கை அழக்கூடாது. குழறினால் உமக்கு மூளை பிசகெண்டு எழுதிப்போடுவினம். அவையளுக்கு முன்னாலை அடக்கமாய் இரும். ஓடிப்போய்த் தூக்காதையும்."

"தூக்கவும் கூடாதோ அக்கா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்."

ஊரில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அடக்க ஒடுக்கமாக நின்று நல்ல பெயர் எடுத்தே காரியம் பார்த்தவர் தவநாயகி. லண்டனிலும் அதுதான் எடுபடும் என்று நம்பிவிட்டார்.

பாலாம்பிகை, பாவி, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். எட்டுக் கிழமை கதிரை நுனியில் நிமிர்ந்து இருந்தாள். பிள்ளை பொம்மையைக் கொண்டுவந்து காட்டினால் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்பாள். மடியில் ஏற வந்தால் ஜேனட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையை மெல்ல விலக்குவாள். ஐந்தாம் கிழமைக்குப் பிறகு பிள்ளை மடிக்கு வரவில்லை. பஸ் தரிப்புக்கு வந்துதான் பாலாம்பிகை வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுவாள். தவநாயகி முதுகைத் தடவி, "நல்லாய்ச் செய்தனீர்" என்பார். அட கடவுளே, பாராட்டு வேறு!

பிள்ளை யாரிடம் வளர்வது என்று முடிவெடுக்கக் கூட்டம் வைத்தார்கள். ஜேனட் அறிக்கையை வாசிக்க, தவநாயகி வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தாய் பிள்ளையை அணைப்பதில்லை. நெருங்கி வந்தால் விலக்குகிறார். பிரியும்போது கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. பிள்ளைமேல் பாசம் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசி வரியைத் தவநாயகி பாலாம்பிகையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தலைமை தாங்கிய பெரியவர் நல்ல மனிதர்தான். "ஏன் அணைக்கவில்லை? அப்படி இருக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

தவநாயகி அதைத் தமிழில் சொன்னார். நான்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், பிள்ளை தாயிடம் வரவும் கூடும். அவர் வாயைத் திறப்பதற்குள் பாலாம்பிகை முந்திக்கொண்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாய்த்தான் அப்பிடி இருந்தனான்."

எல்லாரும் தவநாயகியின் வாயைப் பார்த்தார்கள். அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். கோழைத்தனம்தான், வேறென்ன? நிரோஜினி சட்டனிலேயே வளர்வாள், தாய் நேரில் பார்ப்பது நிறுத்தப்படும் என்று முடிவானது. நீதிமன்றமும் அதையே சொன்னது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தவநாயகி அவளுடைய கையைப் பிடித்தார்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்? நான் சொல்ல வெளிக்கிட்டனான்."

"உங்கடை வேலையும் போனால், அவளைப் பார்த்துவந்து எனக்குச் சொல்ல ஆர் இருக்கினம் அக்கா?"

ஏழு மாதம் தவநாயகி வேலையின் பேரில் சட்டனுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவந்து சொன்னார். பிறகு நிரோஜினியின் கோப்பு வேறு பிரிவுக்கு மாறியது. இனி அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதைப் பாலாம்பிகையிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மாதம் ஒரு முறை கிங்ஸ்பரிக்குப் போய், பிள்ளை உயர்ந்துவிட்டாள், முன்பல் விழுந்துவிட்டது, நீந்தப் பழகுகிறாள் என்று வாயில் வந்ததைச் சொன்னார். தொண்ணூற்றெட்டு வரை சொன்னார். பாலாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பாள்.

"என்னைக் கேட்டவளோ?"

"ஓம்" என்பார் தவநாயகி. "கேட்டவள்."