பதினைந்து காலடியில் தெரிந்த முதுகு

லாபிஸ் ஊர்ப் பக்கம் எனக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் நாலு ஏக்கர் இருக்கிறது. காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்று தீர்த்தன. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்ததும், எந்த ரைபிள் வாங்குவது என்ற ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டேன்.

என் மச்சான் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவன். "கிட்டத்துல சுடணும்னா பழைய ரகம்தான்லா. குண்டு மெதுவா போனாலும் கனம். ஓலையத் தாண்டி அடிக்கும்," என்றான்.

அப்படி எவ்வளவு கிட்டத்தில் பன்றி நிற்கும்? தெரிந்துகொள்ள ஆசை. ஒரு காலை, துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாக வைத்துக்கொண்டு தோட்டத்தில் மண்டியிட்டேன். மட்டைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பதினைந்து காலடிக்கு அப்பால், ஓலை இடுக்கில் ஒரு கறுத்த முதுகு மெல்ல நகர்ந்தது. பன்றியேதான்! மூச்சை அடக்கிக் குறிபார்த்து, "டுமீல்!" என்றேன்.

முதுகு நிமிர்ந்தது. கறுப்புச் சட்டையும் கையில் சாக்குமாக ஸ்டெல்லா அக்கா. உதிர்ந்த பழம் பொறுக்க அவரை வரச்சொன்னதே நான்தான்.

"அலமாக்! என்னையா தம்பி சுடுறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மச்சான் கேட்டான்: "என்ன, எந்த ரைபிள்னு முடிவு பண்ணிட்டியா?"

"முதல்ல வேலி போடுறேன் மச்சான்," என்றேன்.

எந்தக் குண்டு எத்தனை ஓலையைத் துளைக்கும் என்று மாதக்கணக்கில் விசாரித்தவன் நான். ஓலைக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. விண்ணப்பப் படிவம் எங்கேயோ கிடக்கிறது. அந்தத் துடைப்பக் கட்டை மட்டும் வாசல் கதவோரம் நிற்கிறது. எடுத்துப் பெருக்க இன்னும் மனம் வரவில்லை.