அடையாளம் காட்டாத பெட்டி

இது நடந்தது. நடந்தது என்பதைத் தவிர வேறெதையும் நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். பேய் என்பது அஞ்சியவன் மூளையில் வாடகை தராமல் குடியிருக்கும் ஆசாமி என்று மேடைதோறும் முழங்கியவன் நான். அதில் ஒரு சொல்லையும் இன்று திரும்பப் பெறவில்லை. ஆனால், கண்டதை மறைப்பதும் பகுத்தறிவு ஆகாது.

எங்கள் நகரின் நடுவே உள்நாட்டு விமானங்களுக்கென ஒரு சிறு நிலையம் இருந்தது. ஊருக்கு வெளியே புதிய நிலையம் எழுந்ததும் அதை மூடினார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைத் தொழிலாளர் பள்ளிக்கென்று போராடிக் கேட்டு வாங்கினோம். மின்கம்பிகள் தேறுமா என்று பார்க்க, எலக்ட்ரீஷியனான என் தம்பியோடு ஒரு பிற்பகலில் போனேன். காவலர் பூட்டைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தம்பிக்கு இளைப்பு நோய் உண்டு. அன்று இன்ஹேலரைக் காரிலேயே விட்டுவிட்டான்.

புறப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தோம். பின்னால் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. க்ளிக். உள்பக்கம் கைப்பிடி இல்லை. சோதனை முடித்த பயணி வந்த வழியே திரும்பக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள். எதிரே, ஓடுபாதைப் பக்கம், ஓர் இரும்புக் கதவு. அதுவும் அசையவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

“உங்க கூட்டத்துல யாரும் பாதியில எழுந்து போகாம இருக்க நல்ல இடம், அண்ணா” என்று தம்பி சிரித்தான். சிரிப்பின் முடிவில் ஒரு விசில் கேட்டது. அவன் நெஞ்சிலிருந்து.

தூக்கி எறிந்து கண்ணாடியை உடைக்கலாமென்றால், நாற்காலிகள் தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடியைக் கையால் அடித்தேன். தோளால் இடித்தேன். கீறல்கூட விழவில்லை.

வெளியே மழை பிடித்தது. அப்போதுதான் பார்த்தேன். இரும்புக் கதவை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஓடுபாதை ஓரத்தில் ஒரு பழுப்புப் பெட்டி. சுற்றிலும் தரை நனைந்தது. பெட்டி நனையவில்லை.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

“கரண்ட்டே... இல்லையே...” என்றான் தம்பி.

“ஒரு பெட்டி மீதம் இருக்கிறது. உரிய பயணி அடையாளம் காட்டவும்.” பெண் குரல். அன்பான குரல்.

அந்தக் காலத்து வழக்கம் அது. பெட்டிகளை வெளியே வரிசையாக வைப்பார்கள். கண்ணாடி வழியே தன் பெட்டியைக் காட்டியவருக்கே கதவு திறக்கும்.

மறுபடியும் அதே குரல். தம்பி சரிந்து உட்கார்ந்தான். உதடு நீலம் பாய்ந்தது.

மறுபடியும்...

அவன் நெஞ்சில் விசிலும் நின்றுவிட்டது.

கையைத் தூக்கினேன்.

“என்னோடதுதான்.”

க்ளிக்.

இரும்புக் கதவு திறந்தது. காற்று. தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுபாதையில் பெட்டி இல்லை.

மருத்துவமனையில் தம்பி பிழைத்துக்கொண்டான். மறுநாள் அந்நிலையத்தின் பழைய மேலாளரைத் தேடிப் போனேன். என் முகத்தைப் பாராமல் சொன்னார். நிலையத்தை மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, பயணி ஒருவருக்கு அந்தக் கூடத்தில் மூச்சுத் திணறியிருக்கிறது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அவர் கதவைத் தட்டியிருக்கிறார். வந்த கதவைத் திறப்பது விதிமீறல். எதிர்க் கதவைத் திறக்கவோ, அவர் இன்னும் பெட்டியைக் காட்டவில்லை. இரண்டு விதிகளுக்கு நடுவே ஒரு மனிதனை நிறுத்தி மூச்சடைக்க விட்டிருக்கிறார்கள். கொலைக்கு விதி என்று பெயர் சூட்டிவிட்டால் இங்கே யாரும் கைதாவதில்லை!

நிலையத்தை மூடிய அன்றே அந்த இரும்புக் கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். வெல்டிங் அப்படியே இருந்தது. துருவேறி.

இதில் எதையும் தம்பியிடம் நான் சொல்லவில்லை. மாலையில் அவனே கேட்டான்.

“அண்ணா... அவரு வெளிய வந்துட்டாரா?”

“யாரு?”

“கதவைத் தோளால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே. நீங்க என்னை மட்டும் இழுத்துக்கிட்டு வந்துட்டீங்க. அவரும்தான் கையை நீட்டினாரு.”