நான் விழுங்கிய சாட்சி

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவச் சபை, தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்குத் தெலுங்கு. முன்னால் நின்று யார் எந்தப் பாஷையில் பேசினாலும், பக்கத்தில் ஒருவர் நின்று மற்ற பாஷையில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், தெலுங்கு மீடியம். பத்தாவது முடித்ததும் அந்த இடம் எனக்கு வந்தது. அதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. யார் பேசுகிறாரோ, அவராகவே பேச வேண்டும். குடித்து வீட்டுப் பாத்திரத்தை விற்றவர், ஆண்டவர் தன்னை மீட்ட கதையைச் சாட்சியாகச் சொன்னால், "நான் குடித்தேன், நான் விற்றேன்" என்று நானும் சொல்வேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்தவர் பாவத்தை என் வாயால் சொல்வதில் எனக்குக் கூச்சமே வந்ததில்லை.

அப்பா பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து விழுந்ததில் இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடந்தார். நான் அப்போது திருப்பதியில் டிகிரி இரண்டாம் வருஷம். படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் காணிப்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தாள். கோயிலுக்கு வருகிறவர்கள் ரூமைக் காலி செய்யச் செய்ய, கக்கூஸ் கழுவுகிற வேலை.

திருப்பதியில் எங்கள் மாணவர் ஜெபக்குழுவில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே முன்னால் நின்று ஜெபிக்கிறவன் நான். அம்மாவைப் பற்றிக் கேட்டால், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்பேன். அது பொய்யும் இல்லை.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு நான் ஊருக்கு வந்திருந்தேன். அன்று எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிற தெலுங்குப் போதகர் சித்தூர் சபைக்கு விருந்தாளியாக வந்தார். இயேசுவின் நினைவாக அப்பம் எடுக்கிற திருவிருந்துக்கு முன்னால், சாட்சி உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள். சபையில் ஒரு நாளும் வாய் திறக்காத அம்மா எழுந்து முன்னால் வந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, என்னைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"லாட்ஜில கக்கூஸ் கழுவுறேங்க. மொதல்ல தெனமும் அழுவேன். ஆசிட்ல கை வெந்துபோச்சு, நாத்தமும் போவல. இந்தக் கையால அப்பத்தை எப்படி எடுக்கறதுன்னு ரெண்டு மாசம் எடுக்காமலே உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு நாள் தரையத் தேய்ச்சிக்கினு இருக்கும்போது, சீஷருங்க காலை ஆண்டவர் கழுவுனாரே, அவர் கையும் இப்படித்தான அழுக்காயிருக்கும்னு தோணுச்சு. அங்கயே உக்காந்து ஜெபம் பண்ணேன். இப்ப அந்த எடந்தான் எனக்கு ஜெப அறை."

முதல் வாக்கியத்திலேயே எனக்கு நாக்கு மடங்கிவிட்டது. தெலுங்கில் நான் சொன்னது: "நான் ஒரு லாட்ஜ் ஆபீசில் வேலை செய்கிறேன்." அதைச் சொன்ன பிறகு மற்றது எதையும் சொல்ல முடியாது. ஆபீசில் வேலை செய்கிறவளுக்கு எப்படிக் கை வேகும்? ஆகவே, கஷ்டத்தில் தேவன் என்னைப் பலப்படுத்தினார், என் கண்ணீரைத் துடைத்தார் என்று யாருக்கும் பொருந்துகிற நாலு வாக்கியங்களைச் சொல்லி முடித்தேன். தேவன் அவளைச் சந்தித்த இடத்தையே எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாட்சி என்று நீட்டினேன். போதகர் அல்லேலூயா சொன்னார். இரண்டு பாஷையும் தெரிந்த சிலர் தரையைப் பார்த்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது அம்மா சொன்னாள்: "உன் தெலுங்கு சுத்தமா இருந்துச்சுப்பா." லாட்ஜில் நாள் முழுக்கத் தெலுங்கு கேட்கிறவள் அவள். ஆனாலும் அவளுக்குப் புரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

போதகர் திருப்பதி போய், என் தாயார் காணிப்பாக்கத்தில் லாட்ஜ் ஆபீசில் இருக்கிறார் என்று ஜெபக்குழுவில் சொல்லிவிட்டார். எந்த லாட்ஜ் என்று ஒரு நண்பன் கேட்டான். பேரைச் சொன்னேன். சில வாரம் கழித்து, வகுப்புத் தோழன் ஒருவன் கல்யாணத்துக்குக் காணிப்பாக்கம் போன அந்த நண்பன், என் அம்மாவையும் பார்க்கலாம் என்று அந்த லாட்ஜுக்குப் போயிருக்கிறான். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் என் பேரைச் சொல்லி, ஆபீசில் இருக்கிற என் தாயாரை விசாரித்திருக்கிறான். அந்த மேடம் இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, முகம் கழுவத் தண்ணீரும் கொடுத்தாளாம். "நல்ல அம்மா, பாவம், கை ரெண்டும் வெந்தது மாதிரி இருந்தது" என்று தெலுங்கில் சொன்னான்.

நான் தலையாட்டினேன்.

அடுத்த திருவிருந்துக்கு ஊருக்குப் போனேன். ஆண்கள் பக்கம் அப்பத் தட்டு வந்தபோது நானும் அப்பத்தை எடுத்துச் சாப்பிட்டேன். பெண்கள் பக்கம் போன தட்டை அம்மா தொடவில்லை, அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டாள். ஆராதனை முடிந்ததும் வெளியே குழாயடியில் வைத்து ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள வந்து கேட்டுச்சு. நாந்தான்னு சொன்னா உனக்கு மானம் போவும். லீவுன்னு பொய் சொல்லிட்டேன். அதுலேர்ந்து அந்த எடத்துல முட்டி போட்டா ஜெபம் வாயில வரமாட்டேங்குது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஜெப அறை. அதையும் நான் பூட்டிவிட்டேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு, போதகரையும் நண்பனையும் திருப்பதியிலிருந்து வரச் சொன்னேன். அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். கேட்காமல் செய்ததும் தப்போ என்னவோ, இன்றுவரை தெரியவில்லை. சாட்சி நேரத்தில் எழுந்து போய் முதலில் தெலுங்கில் சொன்னேன்: "நான் லாட்ஜில் கக்கூஸ் கழுவுகிறேன்." அம்மா நிறுத்திய இடங்களில் நிறுத்தி, கை, நாற்றம், தரை, ஆண்டவருடைய கை, எதையும் விடாமல் சொன்னேன். இது என் தாயின் சாட்சி, இதை நான் விழுங்கிவிட்டு ஆபீஸ் என்று பொய் சொன்னேன், அவளையும் பொய் சொல்ல வைத்தேன் என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். நண்பன் என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

தட்டு வந்தது. நான் எடுக்காமல் நகர்த்தினேன். பெண்கள் பக்கம் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்து, ஒரு துண்டு அப்பத்தை எடுத்தது.

வெளியே வந்ததும் நண்பன் அவளிடம் போய், சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்டான். அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நீ ஏன் எடுக்கல?"

"அடுத்த மாசம் எடுக்கறேம்மா."

"அதுக்குள்ள இன்னா, நல்லவனாயிடுவியா?"

அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறி, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.