சித்திக்காக நான் பேசிய இந்தி

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டாமல் படித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். வளைகுடாவுக்குப் பிழைக்க வந்து முவைலாவில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கு வரும் கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பது என்று எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். பத்து வயதிலேயே எனக்கு ஒரு தாசில்தாரின் மிடுக்கு வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் சித்தி விசிட் விசாவில் வந்தாள். அம்மாவின் தங்கை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மாமா வீட்டில், மாமாவின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறாக்கி, துணி துவைத்துக் கிடந்தவள். நடுவில் டவுன் பார்லர் ஒன்றுக்குப் பெருக்கித் துடைக்கப் போயிருக்கிறாள். போன இடத்தில் பார்த்துப் பார்த்தே நூலால் புருவம் திருத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். வந்த இரண்டாம் நாளே அம்மாவின் புருவத்தை வில்லாக வளைத்துவிட்டாள். அப்பா அம்மாவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அப்பா லாண்டரி வேன் ஓட்டினார். அவர் அழுக்குத் துண்டு எடுக்கப் போகும் இடங்களில் அல் குசைஸில் ஒரு பெண்கள் பார்லரும் உண்டு. அங்கே உடற்குறை உள்ள பெண்களைச் சேர்த்து, வேலை பழக்கி, விசாவும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஒரு நாள் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால், சித்தியின் விசிட் முடிய ஒன்பது நாள்தான் மிச்சம். மறுபடி மாமா வீடு.

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். சித்தி அம்மாவின் நல்ல சுடிதாரைப் போட்டிருந்தாள்.

"பாப்பா, ஒம் சித்திக்கு நீதான் வாயி. கேக்குற கேள்விக்கு டக்கு டக்குன்னு பதில் சொல்லிப்புடணும்" என்றார் அப்பா.

"நான் பாத்துக்கறேன்ப்பா" என்றேன்.

பார்லருக்குள் ஆண்கள் போகக் கூடாது. அப்பா வேனிலேயே இருந்துகொண்டார். அதனால் அன்றைக்குக் குடும்பத்தின் மானம் மரியாதை எல்லாம் என் பொறுப்பில் வந்தது.

முதலாளியம்மா ஹைதராபாத்காரர். சித்தியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் கேட்டார்.

"த்ரெடிங் தெரியுமா?"

"தெரியும்."

"ஃபேஷியல்?"

"தெரியும்."

"வாக்ஸிங்?"

"ரொம்ப நல்லாத் தெரியும்."

எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதினால்தான் மார்க் என்று எங்கள் வகுப்பு மிஸ் சொல்லியிருந்தார். எத்தனை வருஷ அனுபவம் என்றதற்குப் பத்து என்றேன். எனக்குத் தெரிந்த நீண்ட காலம் அதுதான். இத்தனைக்கும் நான் சித்தியின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் என் முகத்தையும் முதலாளியம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா, முடி எடுக்கும் மெழுகு உருகிக்கொண்டிருந்த சட்டியைச் சித்தியின் முன்னால் நகர்த்தி வைத்து, தன் கையை நீட்டினார்.

சித்தி சட்டியைப் பார்த்தாள். இது என்ன என்று என்னிடம் கையை விரித்தாள். சும்மா செய், செய் என்று நான் கண்ணால் மிரட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சட்டியை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, முதலாளியம்மாவிடம் தெரியாது என்று தலையசைத்தாள்.

"தெரியும்னு சொன்னியே?" முதலாளியம்மாவின் குரல் மாறிவிட்டது. "சூடு மெழுகு. தோல் வெந்து போனா யார் பதில் சொல்றது?"

எனக்குச் சித்தியின் மேல்தான் கோபம் வந்தது. நான் கஷ்டப்பட்டு வாங்கின மார்க்கை இவள் அழித்துவிட்டாளே!

மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த இலங்கை அக்கா ஒருவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவருக்கு ஒரு கால் முழங்காலோடு சரி. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே வேலை பழக்குவது அவர்தானாம்.

"பிள்ளை, நீங்க அவவைக் கேட்டுத்தான் சொன்னனீங்களோ?"

நான் முதலாளியம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கொஞ்சம் வெளியில இருங்கோ. நாங்க ரெண்டு பேரும் கதைச்சுப் பாக்கிறம்."

"சித்திக்குக் காது கேக்காது. நான் இல்லாம எப்படிப் பேசுவீங்க?"

"அது எங்கட பாடு."

வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சித்தியை மாமா வீட்டுக்கே அனுப்பப்போகிறார்கள், அதுவும் என்னை வெளியே தள்ளியதால்தான் என்று உறுதியாக நம்பினேன். திரைச்சீலையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன்.

அக்கா சித்தியின் நேர் எதிரே உட்கார்ந்து, முகத்தை முகத்துக்கு நேராக வைத்து, வாயை அசைத்து நிதானமாகப் பேசினார். சித்தி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையால் பதில் சொன்னாள். உதட்டைப் பார்த்து அவளால் படிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவோமே தவிர, அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது யார்?

பிறகு அக்கா நூல்கண்டைக் கொடுத்துவிட்டு, தன் புருவத்தைக் காட்டிக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். சித்தி நூலின் நுனியைப் பல்லில் கடித்தாள். ஆரம்பிக்கும் முன் அக்காவின் கையைப் பிடித்துத் தன் முழங்கையில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். வலித்தால் தட்டு, கத்தினால் எனக்குக் கேட்காது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

முதலாளியம்மா விடவில்லை. "வர்றவங்க நாலு வார்த்தை பேசணும்னு எதிர்பார்ப்பாங்களே. இது எப்படிப் பேசும்?"

அக்கா கண்ணைத் திறக்காமலே அரைகுறை இந்தியில் கேட்டார்: "நூல் பல்லுல இருக்கும்போது யார் மேடம் பேசுறோம்?"

முதலாளியம்மா சிரித்துவிட்டார். சித்தி வேலையை முடித்துக் கண்ணாடியை நீட்டினாள். அக்காவின் புருவத்தைக் கிட்டே வந்து பார்த்த முதலாளியம்மா, கொஞ்சம் யோசித்து, அக்காவை எழுப்பிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாங்கள் வேனுக்குத் திரும்பியதும் அப்பா வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார். "என்ன சொன்னாங்க பாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? என்னைத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சித்தி அப்பாவின் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினாள். உள்ளங்கையில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள். மூன்று விரல் காட்டி, மெழுகு தடவுவது போலவும் முகம் தேய்ப்பது போலவும் செய்து, பக்கத்தில் ஒருவர் ஊன்றுகோலோடு நின்று பார்ப்பது போல நடித்துக் காட்டினாள். அப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "விசா குத்துறாங்களா! மூணு மாசம் அந்த அம்மா கத்துக்குடுக்குமா! அட, நல்லாத்தான் வெளங்குது!" என்று ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சித்தி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். வேலை கிடைத்ததும் திமிர் வந்துவிட்டது என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

ஆனாலும் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க சித்திக்கு நான்தான் இந்தியில பேசி வேலை வாங்கிக் குடுத்தேன்" என்று ஆரம்பிப்பேன். வருஷக்கணக்கில் இதைச் சொல்லியிருக்கிறேன். சித்தி எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். என் உதட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், ஒரு சொல் விடாமல் படித்து, முடியும்வரை புன்னகையோடு தலையாட்டுவாள். நான் சொல்வதை ஒப்புக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். அன்றைக்கு அவளுக்காக நான் பதில் சொன்னேன்; அவளோ எனக்காகப் பதில் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.