துவாதசிச் சம்புடம்

மூடியில் சின்னதாக ஒடுக்கு விழுந்த எவர்சில்வர் சம்புடம் ஒன்று என் சமையலறை அலமாரியில், காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது என்னுடையது அல்ல. அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற மேடத்தினுடையது. மாதத்தில் இரண்டு நாள், துவாதசி தினங்களில், அது ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, கண்டோன்மென்ட்டில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வரும். திறந்தால் தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய அகத்திக்கீரை இருக்கும். முதல் நாள் ஏகாதசி என்றால் மேடம் வெறும் தண்ணீரோடு சரி. மறுநாள் காலை அகத்திக்கீரை சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிப்பார், முடித்த கையோடு எங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வருவார். நன்றாகவே கசக்கும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு இதுதான் மருந்து என்று அவர் சொல்வார். பட்டினியே கிடக்காத எங்கள் வயிற்றுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று மண்ணச்சநல்லூர் கேட்பார்.

மண்ணச்சநல்லூர் என்றால் ஆள்தான். எங்கள் பிரிவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கமில்லை, எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்களோ அதுவே பெயர். அரிசி மில் குடும்பத்தில் பிறந்து, மில்லை அண்ணன்களிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர் மண்ணச்சநல்லூர். பக்கத்து மேஜைக்காரி பாலக்கரை, அங்கே பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. நான் திருவெறும்பூர். மேடத்தை மட்டும் ஸ்ரீரங்கம் என்று கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

பாலக்கரைக்கும் மேடத்துக்கும் நடுவே பேசி முடிவு செய்யாத ஓர் ஏற்பாடு இருந்தது. ரமலான் மாதம் முழுக்க மேடம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடுவார். ஏகாதசி வந்தால் பாலக்கரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மற்றபடி எங்களுக்கெல்லாம் காலண்டர் மேடம்தான். பிரிவுபசார விருந்தோ, மொத்தமாகக் கிளம்பிப் போகிற கல்யாணமோ, எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் நாள் குறிப்போம். "அன்னிக்கு வேண்டாம், ஏகாதசி" என்று நிமிராமலே சொல்வார். அதற்கப்புறம் யாரும் பஞ்சாங்கத்தைப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை நாலு பேரும் மேடத்தின் வீட்டில் கூடிச் சாப்பிட்டு வந்தோம். இந்த வருஷம் மேடமே போன் செய்து, வீட்டில் வேண்டாம், புதிதாக வந்திருக்கிறதே அந்தப் பெரிய சைவ ஹோட்டல், அங்கே போவோம் என்றார். எனக்கு ஆச்சரியம். வெளியே காப்பி குடிக்கவே யோசிக்கிறவர் அவர். அந்த ஹோட்டலை ஒரு தடவை பார்க்க ஆசை, வயதாகிவிட்டது, இனி யாருக்காக ஆசாரம் என்று சிரித்தார். நாளையும் அவரே சொன்னார். நாங்களும் சரி என்றோம்.

கவலைப்பட எனக்குக் காரணம் தேவையில்லை, நேரம் இருந்தால் போதும். ஹோட்டலில் பூண்டு போடாமல் சமைப்பார்களா, ஏ.சி. குளிர் மேடத்துக்கு ஒத்துக்கொள்ளுமா, பாலக்கரை வழக்கம்போலச் சத்தமாகச் சிரித்து எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களா, என் செருப்பு அந்தத் தரைக்கு ஏற்றதா என்று ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தேன். அன்று காலை மேடத்தை அழைத்துவர ஆட்டோவில் ஸ்ரீரங்கம் போனபோது கோபுரத்தடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். துளசி மாலைக்காரர்கள் பாதையை அடைத்து நின்றார்கள். ஆட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு தெருவில் திருப்பினார். நான் என் செருப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் அரக்குப் பட்டுப்புடவையில் தயாராக இருந்தார். அவருடைய கணவர், எங்களுக்கெல்லாம் மாமா, வாசல்வரை வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாக்கிரதையாக் கூட்டிண்டு போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் நான் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை. கனமான பித்தளைத் தட்டுகள். மடியில் துணியை விரித்துவிட ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்க ஒருவர். நாலு வாயில் தீர்ந்துபோகிற அளவுக்கு ஒவ்வொன்றும் வந்தது. மேடம் எல்லாவற்றையும் குழந்தை மாதிரி ஆசையாகப் பார்த்தார். மண்ணச்சநல்லூரின் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோய், அவருடைய மாமனார் சமையல்காரரோடு சண்டைக்குப் போனதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். சிரித்துச் சிரித்து பாலக்கரைக்குப் புரையேறியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்தான், எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மேடம் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு குங்குமப்பூ போட்ட புலாவ் வந்தது. மண்ணச்சநல்லூர் வழக்கப்படி ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்து, பழைய அரிசிதான், நல்ல அரிசி என்று சான்றிதழ் கொடுத்தார். மேடத்தின் தட்டில் தன் கையாலேயே பரிமாறினார். "என்னமா உதிர் உதிரா இருக்கு" என்று மேடம் ரசித்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் பக்கத்து மேஜையில் நெற்றியில் நாமம் இட்ட ஒரு பெரியவர், பரிமாற வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினார். "எனக்குச் சாதம் வேண்டாம்ப்பா. இன்னிக்கு ஏகாதசி. ரெண்டு சப்பாத்தி போதும்."

கோபுரத்தடிக் கூட்டமும் துளசி மாலையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. மாமா சொல்ல வந்து சொல்லாமல் விட்டதும் புரிந்தது. நான் பாலக்கரையைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றிருந்தது. மேடத்தின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தலை குனிந்து, இரண்டாவது முறை போட்டுக்கொண்ட புலாவைப் பிசைந்துகொண்டிருந்தார். மண்ணச்சநல்லூர் ஒன்றும் அறியாமல், இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தேன். சொல்லிவிட்டால் அந்தக் கவளம் அவர் தொண்டையிலேயே நின்றுபோகும். வாழ்நாள் முழுக்க விடாத ஒன்றைத் தவறவிட்டோம் என்பதைவிட, தவறவிட்டது தெரியவே இல்லை என்பதுதான் அவரை உடைத்துவிடும். சொல்லாமல் விட்டாலோ, நாளை அவருக்கே தெரியவந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தீர்களே என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பேன்? பெரியவர் மறுபடி வாயைத் திறந்துவிடுவாரோ என்று என் நாற்காலியை நகர்த்தி நடுவில் மறைத்துக்கொண்டேன். அவர் சப்பாத்தி சாப்பிட்டு முடிக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கை கழுவப் போகிற சாக்கில் பாலக்கரை என்னை இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் திருவெறும்பூர். எங்கள்ல நோன்பு நேரத்துல ஒருத்தர் மறந்துபோயி சாப்பிட்டுட்டா நோன்பு முறியாதுன்னு சொல்லுவாங்க. அது அல்லாஹ் ஊட்டுனதுன்னு அர்த்தம். இன்னிக்கு அவங்க பெருமாள் ஊட்டியிருக்காருன்னு நெனச்சுக்குவோம்."

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் விரதம் முறிந்ததா என்பது என் கவலை இல்லை என்று அவளுக்கும் தெரியும். இன்று ஏகாதசி போயிற்று, நாளை எது போகும்? எங்களில் யார் முதலில் அவருக்கு மறந்துபோவோம்? இருவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கடைசியாக வந்த ரோஜாப்பூ குல்ஃபியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டோம். அதன் ருசி என்ன என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மேடம் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் அதைச் சாக்காக வைத்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்போது காவிரியைப் பார்த்துக் கும்பிட்டேன். அவருக்கு நேற்றைய விஷயம் தெரியவந்து அழுதுகொண்டிருக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். இதைவிட மோசமாக ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தது மாமா. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நேத்திக்கு நன்னா சாப்ட்டாளா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"தெரிஞ்சுதான் அனுப்பினேன். அவ்வளவு சந்தோஷமாக் கிளம்பினா. இன்னிக்கு ஏகாதசிடின்னு சொன்னா, போன மாசம் ஞாபகப்படுத்தினப்போ மாதிரி பயந்துபோய் உக்காந்துடுவா. எனக்கு மனசு வரலை" என்றார்.

உள்ளே அகத்திக்கீரை வதங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது. மேடம் குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு அடுப்பங்கரையில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கோ வாங்கோ திருவெறும்பூர். சரியாத் துவாதசிப் பாரணைக்கு வந்திருக்கேள்" என்றார். என்னை அடையாளம் தெரிந்ததே எனக்குப் போதும் என்று இருந்தது. கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தேன். இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவரே அதை மறந்து இலையைப் போட்டுவிட்டார்.

கீரையைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நேத்து முழுக்கப் பட்டினி. அதான் இன்னிக்கு இத்தனை ருசியா இருக்கு. நீங்கள்லாம் அந்த ஹோட்டலுக்குப் போனேளே, எப்படி இருந்தது? எனக்குத்தான் ஏகாதசியாப் போயிடுத்து, வர முடியலை."

நிலைப்படியில் நின்றிருந்த மாமா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அகத்திக்கீரை ஒரு நல்ல வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம். "நல்லா இருந்துச்சு மேடம். நாங்க எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றேன். பேச்சு உளறிப்போனது எனக்கே தெரிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அடுத்த தடவை ஏகாதசி இல்லாத நாளாப் பாத்து வெய்யுங்கோ. நானும் வரேன். அந்த ஹோட்டலை ஒரு தடவை பாத்துடணும்னு ஆசையா இருக்கு."

கிளம்பும்போது பழைய வழக்கப்படி சம்புடம் நிறையக் கீரையை வைத்து அழுத்தி மூடி, பாலக்கரைக்கும் மண்ணச்சநல்லூருக்கும் பங்கு கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட மண்ணச்சநல்லூர், எதற்கு இந்தத் தண்டனை என்று இந்த முறை கேட்கவில்லை. ஒரு துளி விடாமல் சாப்பிட்டார்.

சம்புடத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அது இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே என்ன வைப்பது என்று தினமும் யோசிக்கிறேன், அதுவும் என் கவலைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பாலக்கரை தன் வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டி, வருகிற ஏகாதசிகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தெருவிலேயே ஏகாதசி பார்க்கிற ஒரே வீடு தன்னுடையதுதான் என்று போனில் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் காலண்டரைப் பார்த்து இந்த முறை நாளைக் குறித்தவள் அவள்தான். அதே மேஜை, அதே ஜன்னலோரம் வேண்டும் என்று மண்ணச்சநல்லூர் சொல்லிவைத்திருக்கிறார். அடுத்த வாரம் மேடமும் நாங்களுமாக நாலு பேரும் முதல் முறையாக அந்த ஹோட்டலுக்குப் போகிறோம்.